மொழிமுதல் எழுத்தும் அகப்பக்க வடிகட்டியும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் ஓய்வின்றி வேலை செய்த காட்சியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. கப்பலில் வந்திறங்கிய சரக்கும் கப்பலேறப் போகும் சரக்கும் அளந்து பார்க்கப்பட்டுப் புலிமுத்திரை பெற்ற பின்னரே முற்றத்தை விட்டு நகர்ந்தன. அந்நகரத் தெருக்களில் குவிந்து கிடந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தனவும் இருந்தன என்று அப்பாட்டே கூறும். காழகம் என்பது கடாரம் என நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். கடாரம் இன்றைய கெடாவே என்பது வரலாற்றாசிரியர் பலர் கொண்ட முடிபு. நம் மாநிலத்துச் சரக்கு ஒருகாலத்தில் அயல்நாட்டுச் சுங்கவாயிலில் காத்து நின்றது. இன்று நம் தோட்டப் பள்ளிகளின் அகப்பக்கங்களுக்கே ஒரு சுங்கவாயில் வேண்டியிருக்கிறது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

பள்ளி அகப்பக்கம் என்பது முன்னாளில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தொங்கிய அறிவிப்புப் பலகையைப் போன்றதன்று. பலகையில் எழுதுவோர் ஒருவரே. அகப்பக்கத்திலோ மாணவர் கட்டுரை எழுதுவர்; பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அறிக்கை இடுவர்; ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை ஏறிய பின் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பினாங்குக்கும் குடிபெயர்ந்த பழைய மாணவர்கள், இடிந்துபோன லயத்தையும் இல்லாதுபோன கோயில் திடலையும் நினைந்து எழுதியனுப்புவர். இத்தகைய எழுத்துகளே சில தோட்டங்களுக்கு எஞ்சியிருக்கும் வரலாறு. எனவே கதவை அடைத்தலும் கூடாது. யார் எதைக் கொண்டுவந்தாலும் உள்ளே விடுதலும் கூடாது.

உள்ளே விட்டால் என்ன கேடு என்பதை முதற்கண் நோக்குவோம். அகப்பக்கங்கள் எச்.டி.எம்.எல். எனப்படும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. 1990களின் தொடக்கத்தில் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்தது அது. எழுத்துக்கு நடுவே கோணக்குறிகளுக்குள் சிறு கட்டளைகளை எழுதிவைப்பது அதன் முறை. 'இங்குத் தடித்த எழுத்துத் தொடங்குக', 'இங்குப் பத்தி முடிக' என்பன போல்வன அக்கட்டளைகள். இவற்றைக் குறிச்சொல் என்போம். குறிச்சொல்லுக்கு அடைமொழி போல உடன்வருவனவும் உண்டு. அவற்றைப் பண்பு என்போம். தொடக்கத்தில் இக்கட்டளைகள் தோற்றத்தையும் அமைப்பையும் பற்றியனவாகவே இருந்தன. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஆக்கினார். அதன்பின் பக்கத்துக்குள் எழுதப்பட்ட சொல் கண்ணுக்குத் தோன்றுவதோடு நில்லாமல் செயலும் செய்யத் தொடங்கியது.

இடர் பிறந்த இடம் இதுவே. படிப்பவரது உலாவிக்குப் பள்ளி எழுதிய சொல் எது, எங்கிருந்தோ வந்த ஒருவர் எழுதிய சொல் எது என்னும் வேற்றுமை தெரியாது. ஒரே பக்கத்தில் வந்தனவெல்லாம் அதற்குப் பள்ளியின் சொற்களே. ஒருவர் தம் நினைவுக் குறிப்புக்குள் ஒரு செயற்கட்டளையை மறைத்து வைத்துவிட்டால், தலைமையாசிரியர் தம் கணக்கில் நுழைந்து அக்குறிப்பைத் திறந்த கணமே அக்கட்டளை தலைமையாசிரியரின் அதிகாரத்தோடு நடைபெறும். பக்கங்களை அழிக்கலாம், புதிய நிருவாகியைச் சேர்க்கலாம், மாணவர் விவரங்களைப் படித்து வேறிடத்துக்கு அனுப்பலாம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் செர்ட் நிலையம் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

எச்சரிக்கை வந்தும் உலகம் விழித்துக்கொண்டது என்று சொல்வதற்கில்லை. 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்னும் பெருந்தளத்தில் நிகழ்ந்தது நம் பொருளுக்கு மிகப் பொருத்தமான சான்று. அத்தளத்துக்கு வடிகட்டி இருந்தது. செயற்கட்டளைக்குரிய குறிச்சொல்லையும், ஜாவாஸ்கிரிப்ட் என்னும் சொல்லையும், வேறு சில சொற்களையும் அது கண்டவிடத்து நீக்கிற்று. சாமி காம்கார் என்னும் இளைஞர் அச்சொல்லை இரண்டாகப் பிரித்து, ஜாவா என்பதை ஒரு வரியிலும் ஸ்கிரிப்ட் என்பதை அடுத்த வரியிலும் எழுதினார். வடிகட்டிக்கு அது தடைச்சொல்லாகத் தெரியவில்லை. அக்காலத்து உலாவிகள் சிலவோ இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொண்டன. கட்டளையை அவர் வைத்த இடமும் சூழ்ச்சியானது. எல்லாராலும் தீங்கற்றது எனக் கருதப்பட்ட ஒரு குறிச்சொல்லின் தோற்றப் பண்புக்குள் அது ஒளிந்திருந்தது. அவர் பக்கத்தைப் பார்த்தவர் பக்கத்திலும் அது தன்னைத்தானே எழுதிக்கொள்ள, அவரைப் பார்த்தவர் பக்கத்துக்கும் பரவி, 20 மணி நேரத்துக்குள் பத்து இலட்சம் பேருக்கு மேல் தொற்றியது. 2007இல் காம்கார் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் காவலும் சமூகப்பணியும் தண்டனையாகப் பெற்றார்.

தடைப் பட்டியலும் அனுமதிப் பட்டியலும்

மைஸ்பேஸ் வைத்திருந்தது தடைப் பட்டியல். இன்னின்ன கூடா என்று எழுதி, எஞ்சியவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்வது அது. இவ்வகைப் பட்டியல் எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்குத் தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். 'பகை' என்னும் சொல்லைக் கண்டால் நீக்குக என்று ஒரு வடிகட்டிக்குக் கட்டளையிட்டிருப்பதாகக் கொள்வோம். ஒருவர் 'பபகைகை' என்று எழுதுகிறார். வடிகட்டி நடுவிலுள்ள 'பகை'யைக் கண்டு நீக்குகிறது. முன்னின்ற பகரமும் பின்னின்ற கையும் ஒன்றுசேர, எஞ்சியது மீண்டும் 'பகை'யே. ஒருமுறை மட்டும் பார்த்து நீக்கும் வடிகட்டிகளை இத்தந்திரத்தால் கடந்தவர் பலர். தடுக்க வேண்டிய வடிவங்களுக்கு எல்லையில்லை. இன்று எழுதி முடித்த பட்டியலுக்கு நாளை புதுக் குறிச்சொல் ஒன்று புறம்பாகிவிடும்.

அனுமதிப் பட்டியல் இதற்கு மறுதலை. இன்னின்ன வரலாம் என்று எழுதி, எழுதப்படாதவற்றையெல்லாம் நிறுத்திவிடுவது. தமிழாசிரியர்க்கு இம்முறை புதிதன்று. மொழிக்கு முதலில் வாரா எழுத்துகளைத் தொகுப்பதைத் தலையாய வழியாகக் கொள்ளாமல், வருவனவற்றையே எண்ணிச் சொல்லும் நம் இலக்கணங்கள் இதைத்தான் செய்கின்றன. நன்னூல் கணக்குப்படி உயிர் பன்னிரண்டும், மெய்களுள் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் பத்தும் ஆக 22 எழுத்துகள் மொழிக்கு முதலாகும்.

அதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. அனுமதி பெற்ற மெய்யும் எல்லா உயிரோடும் சேர்ந்து வருவதில்லை. வகரம் வரலாம், ஆனால் உ, ஊ, ஒ, ஓ என்பனவற்றோடு சேர்ந்து வாராது. தொல்காப்பியர் காலத்தில் ஞகரத்துக்கு ஆ, எ, ஒ என்னும் மூன்றே துணை. யகரத்துக்கு ஆகாரம் ஒன்றே துணை. குறிச்சொல்லும் பண்பும் இவ்வாறே. இணைப்புக்குரிய குறிச்சொல் வரலாம். அது முகவரியைக் குறிக்கும் பண்போடு வரலாம். சொடுக்கினால் செயல்புரியும் பண்போடு வரக்கூடாது. குறிச்சொல்லை மட்டும் எண்ணிப் பண்பை எண்ணாது விட்ட வடிகட்டி, வகரத்தை ஏற்றுக்கொண்டு 'வு' என்று தொடங்கும் சொல்லையும் ஏற்றுக்கொண்ட இலக்கணம் போன்றது. காம்கார் நுழைந்த வழி அதுதான். இணைப்பு முகவரியின் தலைப்பகுதியையும் பார்த்தல் வேண்டும். வழக்கமான இணைய முகவரியும் மின்னஞ்சல் முகவரியும் ஏற்கத்தக்கன. ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கும் முகவரி எவ்விடத்தும் ஏற்கத்தக்கதன்று.

பட்டியல் மாறாதது அன்று என்பதும் நம் இலக்கண வரலாறு காட்டும் உண்மை. சகரம் அ, ஐ, ஔ என்பனவற்றோடு மொழிமுதலில் வாராது என்பது தொல்காப்பியத்தில் பெரும்பான்மையாகக் கொள்ளப்படும் பாடம். (இவ்விடத்துப் பாடவேறுபாடு உண்டு, அது தனியே ஆராயத்தக்கது.) 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகக் கருதப்படும் நன்னூலோ சகரத்துக்குப் பன்னீருயிரையும் வழங்கிவிட்டது. இன்று நாம் ரப்பர், லயம், டத்தோ என்று தயங்காது எழுதுகிறோம். வழக்கு மாற விதியும் மாறுகிறது. வடிகட்டியை ஒருமுறை நிறுவியதோடு நம் கடன் முடிந்தது என்று கருதும் பள்ளிகள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

நீக்கலும் அடக்கலும்

தடுக்கப்பட்டதை வடிகட்டி என்ன செய்கிறது? இதற்கும் அமைப்பு உண்டு. பலர் இதனைக் கவனிப்பதில்லை. ஒரு முறை, குறிச்சொல்லை எறிந்துவிட்டு அதனுள் இருந்த எழுத்தை வைத்துக்கொள்வது. வடசொல் தமிழுக்கு வரும்போது வடவெழுத்தைக் களைந்து சொல்லை மட்டும் ஏற்கலாம் என்று தொல்காப்பியர் சொன்னது இவ்வகை. மற்றொரு முறை, குறிச்சொல்லையும் உள்ளிருப்பதையும் சேர்த்தே எறிவது. செயற்கட்டளைக்கு இதுவே தக்கது. மூன்றாவது முறை, எறியாமல் அடக்கிவைப்பது. கோணக்குறிக்கு மாற்றாக ஒரு குறியீட்டை எழுதிவிட்டால், திரையில் கோணக்குறி தோன்றும்; ஆனால் அதற்குக் கட்டளையின் ஆற்றல் இராது. மொழிமுதலாகாத ரகரத்துக்கும் லகரத்துக்கும் முன் இகரம் சேர்த்து இராமன் என்றும் இலக்குவன் என்றும் எழுதிய நம் முன்னோர், எழுத்தைத் தள்ளாமல் அடக்கி அமர்த்தினர் அல்லரோ!

பயனிலுள்ள கருவிகள் இம்மூன்றையும் வெவ்வேறாகக் கையாளுகின்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா மீடியாவிக்கி என்னும் மென்பொருளால் இயங்குவது. அதன் வடிகட்டி ஏற்கப்படாத குறிச்சொல்லைப் பெரும்பாலும் அடக்கி எழுத்தாகவே காட்டிவிடும். எழுதியவர் தம் பிழையைக் கண்டு திருத்திக்கொள்ளலாம். பள்ளிகள் மிகுதியாகக் கொள்ளும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் உள்ளது கேசெஸ் என்னும் வடிகட்டி. உல்ஃப் ஹார்ன்ஹம்மர் ஆக்கியது. அது குறிச்சொல்லை நீக்கி உள்ளிருப்பதை விட்டுவைக்கும். 2006இல் எட்வர்ட் யாங் வெளியிட்ட எச்.டி.எம்.எல். பியூரிஃபயர் செயற்கட்டளையை அடியோடு நீக்கும். பாடம் நடத்தும் மூடில் மென்பொருள் பின்னதைத் தன்னுள் கொண்டுள்ளது. இவற்றுள் எதைக் கொண்டிருந்தாலும், பட்டியலைத் திருத்தும் உரிமை தளத்தை நடத்துவோரிடமே இருக்கிறது.

தமிழுக்கு நேரும் இடர்கள்

இதுகாறும் சொன்னவை எம்மொழிக்கும் பொது. தமிழுக்கென்று தனியே சில இடர்கள் உண்டு. அயல்நாட்டார் தம் எழுத்தை எண்ணி அமைத்த வடிகட்டி, தீயதைத் தடுக்கும் மும்முரத்தில் தமிழைச் சிதைத்துவிடும்.

முதலாவது, எழுத்து வகை பற்றியது. பெயர், தலைப்பு போன்ற இடங்களில் 'எழுத்துகளை மட்டும் ஏற்க' என்னும் அமைப்பு வழக்கமாக இடப்படும். எழுத்து என்றால் ஆங்கில நெடுங்கணக்கு என்று எழுதியிருந்தால் தமிழ் முற்றும் மறைந்துபோம். அது உடனே தெரிந்துவிடும் ஆதலால் திருத்திக்கொள்ளலாம். யுனிகோடு வகைப்பாட்டில் 'எழுத்து' என்று குறித்தவற்றை ஏற்க என்று அமைத்திருந்தால் நேர்வது வஞ்சகமானது. அவ்வகைப்பாட்டில் அகரமேறிய மெய்யும் உயிரும் ஆய்தமும் மட்டுமே எழுத்து. புள்ளியும், கால், கொம்பு, விலங்கு முதலிய உயிர்க்குறிகளும் 'சேர்குறி' என்னும் வேறு வகை. எனவே 'பள்ளி' என்று எழுதினால் 'பளள' என்று பதிவாகும். 'தமிழ்' என்பது 'தமழ' ஆகும். 'கொடி' என்பது 'கட' ஆகும். மெய்யும் உயிரும் கூடிப் பிறந்த உயிர்மெய்யைப் பிரித்து உயிரை மட்டும் எறிந்துவிடுகிறது அக்கருவி. எழுத்து என்னும் வகையோடு சேர்குறி என்னும் வகையையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுதலே தீர்வு. மென்பொருள் அமைப்பாளர் தமிழறியாதவராயின் இதனை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நீளம். யுனிகோடு எழுத்தை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டும் செலவாகும். 'பள்ளி' நம் கணக்கில் மூன்றெழுத்து. கணினிக் கணக்கில் ப, ள, புள்ளி, ள, இகரக்குறி என ஐந்து குறி. பைட்டுக் கணக்கில் 15. 255 பைட்டு என்று எல்லை வகுத்த இடத்தில் தமிழ் 85 குறிகளோடு நின்றுவிடும். எல்லையில் கண்மூடி வெட்டும் கருவி ஒரு குறியின் நடுவிலேயே வெட்டிவிடுவதும் உண்டு. பழுதுற்ற அவ்வெச்சத்தைக் கண்டு பின்னுள்ள வடிகட்டி முழுப் பகுதியையுமே வெறுமையாக்கிவிடும், பி.எச்.பி. மொழியில் 2021இல் வந்த 8.1ஆம் பதிப்புக்கு முன் இது இயல்பான நடத்தையாகவே இருந்தது. எழுதியது ஏன் மறைந்தது என்று எழுதியவர்க்கும் தெரியாது, தளத்தாருக்கும் தெரியாது.

மூன்றாவதே என் உள்ளத்தை மிகுதியும் வருத்துவது. யுனிகோடு பரவுவதற்கு முன், 1990களிலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும், தமிழ்ப் பக்கங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களால் எழுதப்பட்டன. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழங்கியதும் அக்காலத்தில்தான். டிஸ்கி, 1999இல் சென்னை மாநாட்டில் உருவான டாப், டாம், ஈழத்தமிழரிடைப் பெருவழக்கான பாமினி என முறைகள் பல. இப்பக்கங்களில் எழுத்துரு இன்னது என்று சொல்லும் குறிச்சொல்லே தமிழுக்கு உயிர். அதை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அக்குறிச்சொல்லோ 2014இல் நிறைவுற்ற எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பில் வழக்கொழிந்ததாகக் கொள்ளப்பட்டது. வடிகட்டிகள் பல அதனை ஏற்பதில்லை.

பாமினியில் இதனினும் வேடிக்கையான இடர் ஒன்றுண்டு. அம்முறையில் ஈகாரத்துக்கு வழங்குவது இடக் கோணக்குறி. காற்புள்ளிக்கு வழங்குவது வலக் கோணக்குறி. 'ஈழத்தில் பிறந்து வளர்ந்து, கெடாவில் ஆசிரியரானார்' என்று ஒருவர் பாமினியில் எழுதி அப்படியே ஒட்டினால், வடிகட்டி ஈகாரத்தில் ஒரு குறிச்சொல் தொடங்கிக் காற்புள்ளியில் முடிவதாக எண்ணிக்கொள்ளும். அப்படி ஒரு குறிச்சொல் பட்டியலில் இல்லையாதலால் அதனை நீக்கிவிடும். மிஞ்சுவது 'கெடாவில் ஆசிரியரானார்' என்பதே. பிறந்த மண் போய்விடும்!

பழைய ஆண்டு மலர்களையும் விழா அறிக்கைகளையும் புதிய தளத்துக்கு மாற்ற முற்படும் பள்ளிகள் இங்கேதான் விழிப்பாக இருத்தல் வேண்டும். எழுத்துருக் குறிச்சொல்லை அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது சரியான மருந்தன்று; அவ்வெழுத்துரு இன்றைய கைப்பேசிகளில் இராது. முதலில் எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளால் யுனிகோடாக்கி, அதன்பின் வடிகட்டிக்குள் விடுவதே முறை. பெயர் இழந்த பின் மாற்றப் புகுந்தால், கையிலிருக்கும் குவியல் டிஸ்கியா டாபா பாமினியா என்று ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்க்க நேரும். அச்சுப்படி எங்கும் இல்லாத தோட்டப் பள்ளி மலர்களுக்கு இது எளிய செய்தியன்று.

நம் நாட்டுக்கென்றே ஓரிடர் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் நம் பிள்ளைகளின் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே ஏ/எல், ஏ/பி என்று சாய்கோட்டோடு எழுதுகிறார்கள். மகன், மகள் என்று பொருள்படும் மலாய்த் தொடர்களின் சுருக்கம். சாய்கோடு குறிச்சொல்லை முடிப்பதற்கும் பயன்படுவதால் அதனை ஐயத்துக்குரிய குறியாகக் கொண்டு மறுக்கும் படிவங்களும், மாற்றுக் குறியீடாக்கும் வடிகட்டிகளும் உள. இருமுறை மாற்றுக் குறியீடானால் பெயரின் நடுவே எண்ணும் குறியுமாகத் தோன்றும். பிள்ளை தன் பெயரைச் சரியாக எழுதியும் 'பிழை' என்று படிவம் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். பெயரில் வரும் சாய்கோடு தீங்கற்றது. ஏற்கச் சொல்ல வேண்டும்.

என்னென்ன வேண்டும்

மாணவர் எழுத்துக்குப் பத்தி, வரிமுறிப்பு, தடித்த எழுத்து, சாய்வெழுத்து, மேற்கோட்பகுதி, பட்டியல், இணைப்பு ஆகியன போதும். வரிமுறிப்பை நீக்கும் அமைப்பு செய்யுளுக்குப் பகை. நாலடி வெண்பா ஒரே உரைநடை வரியாகிவிடும், தனிச்சொல் எது என்று தேட வேண்டியதாகும். ஆசிரியர்க்கு இவற்றோடு அட்டவணையும் படமும் வேண்டும். வேற்றுமை உருபுகளையும் புணர்ச்சியையும் அட்டவணையின்றி விளக்குவது கடினம். மொழியைக் குறிக்கும் பண்பை எல்லார்க்கும் தருதல் வேண்டும். தமிழ்ப் பகுதி தமிழென்றும் மலாய்ப் பகுதி மலாயென்றும் குறிக்கப்பட்டிருந்தால்தான் பார்வையற்றோர் பயன்படுத்தும் ஒலிப்புக் கருவி ஏற்ற குரலில் படிக்கும். தோற்றப் பண்பை மாணவர்க்குத் தரவேண்டியதில்லை.

ஒலியும் காட்சியும் வேறு. எச்.டி.எம்.எல். பியூரிஃபயர் பழைய பதிப்புக் குறிமொழியை அடிப்படையாகக் கொண்டது. ஒலி, காட்சி ஆகியவற்றுக்கான ஐந்தாம் பதிப்புக் குறிச்சொற்களைத் தானாக அறியாது. மாணவி திருக்குறள் ஒப்புவித்த ஒலிப்பதிவு மறைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்; அக்குறிச்சொற்களை அமைப்பில் தனியே அறிவித்தல் வேண்டும். பிற தளத்துக் காட்சியை உள்ளமைக்கும் சட்டகத்தைப் பொதுவாகத் திறந்துவிடாமல், இன்ன தளத்திலிருந்து மட்டும் என்று இடத்தைக் குறித்துத் திறக்க அக்கருவியில் வழி உண்டு. வேர்ட்பிரஸில் காட்சியின் முகவரியைத் தனிவரியில் எழுதினாலே போதும். அறிந்த தளமாயின் அதுவே உள்ளமைத்துக்கொள்ளும்.

எப்பொழுது வடிகட்டுவது என்பதும் ஓர் அமைப்பே. தோட்டத்து ஸ்டோரில் பால் ஊற்றும்போது சல்லடையில் தங்கிய கட்டிப்பாலையும் பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலையும் எவரும் வீசியதில்லை. அவை தனியே நிறுக்கப்பட்டன. துரூபல் என்னும் மென்பொருள் இவ்வாறே எழுதியதை எழுதியவாறே சேமித்து, காட்டும்போது மட்டும் வடிகட்டுகிறது. பின்னாளில் பட்டியலைத் திருத்தினால் பழைய எழுத்தும் முழுமையாகத் தோன்றும். வேர்ட்பிரஸோ முழு உரிமை இல்லாத எழுத்தாளர் எழுதியதைச் சேமிக்குமுன்பே வடிகட்டிவிடுகிறது, களைந்தது களைந்ததே. எனவே அதனைக் கொண்ட பள்ளிகள் பழைய மாணவர் அனுப்பிய மூலத்தை வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் தேவை.

அமைப்பை மாற்றிய பின் அதற்கு ஒரு தேர்வு வைத்தல் நம் தொழிலுக்கு இயல்பானது. வினாத்தாளில் இவை இருக்கட்டும்: நான்கடியும் முறையாக முறிந்த ஒரு வெண்பா, உயிர்மெய் வரிசையில் கௌ, கொ, கூ, க் ஆகியனவும் ஆய்தமும் ஸ்ரீயும், சாய்கோடுள்ள ஒரு பெயர், 85 குறிகளை மீறும் ஒரு தலைப்பு, நான்காம் ஆண்டுக் கணிதப் பாடத்திலிருந்து '5, 7இனும் சிறிது' என்பதைக் கோணக்குறியால் இடைவெளியின்றி எழுதிய ஒரு வரி (பி.எச்.பி.யின் எளிய நீக்கி அக்குறி முதல் வரியின் எஞ்சிய பகுதியை விழுங்கிவிடும்), நீக்கப்பட வேண்டிய, தீங்கற்ற ஒரு செயற்கட்டளை. முதல் ஐந்தும் பழுதின்றி வெளிவந்து, கடைசி ஒன்று மட்டும் நின்றுவிட்டால் தேர்ச்சி. மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறுந்தோறும் இதே தாளை மீண்டும் வைக்கலாம்.

தேர்வைத் தலைமையாசிரியர் தம் கணக்கில் நடத்தலாகாது. வேர்ட்பிரஸில் நிருவாகியும் பதிப்பாசிரியரும் எழுதுவதை வடிகட்டி இயல்பாகத் தொடுவதே இல்லை. எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஒரு மாணவரின் உரிமையளவே கொண்ட சோதனைக் கணக்கைத் திறந்து அதில் எழுதிப் பார்க்க வேண்டும். நிருவாகிகளும் வடிகட்டிக்கு உட்படுக என்று அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கவும் அம்மென்பொருளில் ஒரு வரி உண்டு. ஆசிரியர் பலர் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ளும் பள்ளிகளில் அவ்வரியை எழுதிவைப்பது நன்று.